அஞ்சு மணி பாட்டு

அக்கா, நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்த, நான் எடுக்கல. இப்ப நான் கூப்பிட்டா இந்த மலைமேல லைன் நிக்க மாட்டேங்குது. அதான் பேசிப் பதிவு பண்ணி அனுப்புறேன். உன் பசங்க ரஃப்காவும் ஷிஃபாவும் என் மடியிலதான் இருக்காங்க. இத மனசுல வச்சுக்கிட்டு மீதியக் கேளு.

பண்டா ஆச்சேலேருந்து என்னப் பாக்க வந்தவங்களோட சேத்து நாங்க ஒன்பது பேர். ஜப்பான் முழுக்க வேக ரயில்ல கூட்டிட்டுப் போக என் மீன் ஃபேக்டரி சம்பளம் எங்க காணும்? அதான் நின்னு நின்னு போற லோக்கல் ரயில். சுல்ஃபஹ்மி மாமா, "ஊரச் சுத்திக் காட்டுறேன்னு சொல்லிட்டு வெறும் ஜன்னலத்தானடா காட்டுற மருமகனே"ன்னு ஓட்டிக்கிட்டே வந்தாரு. அத்தை ரைஸ் குக்கர மடிய விட்டு எறக்கவே இல்ல. இன்னிக்கு எறங்கினது ஒரு துறைமுக ஊரு. இருக்கிறதுலயே மலிவான அறை கடலுக்கு எதுத்தாப்புல இருந்துச்சு. அம்மா கடலப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. நானும் விலையப் பாத்து எடுத்துட்டேன்.

சாயங்காலம் பாதி விலைக்குப் போடுற சாப்பாடு வாங்க மாமா, அத்தை, அவங்க மூணு பொண்ணுங்க எல்லாம் என்கூட வந்தாங்க. அம்மா மட்டும் ரஃப்காவையும் ஷிஃபாவையும் கடல் சுவர்கிட்ட உக்கார வச்சு சோறு ஊட்டிக்கிட்டிருந்தாங்க.

அஞ்சு மணியானா இங்க கம்பத்து ஒலிபெருக்கில பாட்டு போடுவாங்க, வெளையாடுற பசங்க வீட்டுக்குப் போகட்டும்னு. கேட்டுக் கேட்டு என் காதுல அது விழறதே இல்ல. இவங்ககிட்ட சொல்லி வைக்கணும்னு தோணவும் இல்ல. கம்பம் கரகரன்னதும் மாமா பையப் போட்டுட்டு ஓடினாரு. அத்தை செருப்ப விட்டுட்டு ஓடினாங்க. நம்ம ஊர்ல கடலோரக் கம்பம் சத்தம் போட்டா சுனாமி வருதுன்னு ஒரே அர்த்தம்தானே. வெறும் பாட்டுதான், பாட்டுதான்னு கத்திக்கிட்டே போய் எல்லாரையும் நிறுத்தினேன்.

கடல் சுவர்கிட்ட வந்தா சோத்துக் கிண்ணம் கவுந்து கெடக்கு. ஷிஃபாவோட செருப்பு ஒண்ணு கெடக்கு. அம்மாவும் இல்ல, பசங்களும் இல்ல. நான் முதல்ல தண்ணியத்தான் பாத்தேன் அக்கா.

கிக்குச்சின்னு ஒரு போலீஸ்காரர் வந்தாரு. ரெண்டு பசங்கள இழுத்துக்கிட்டு ஒரு அம்மா மலைப்பக்கம் ஓடினத யாரோ பாத்தாங்களாம். மேல காடு, கரடி நடமாடுற இடம், இருட்டுறதுக்குள்ள ஒலிபெருக்கில அறிவிச்சுடலாம்னு போன எடுத்தாரு. நான் அவர் கையப் பிடிச்சுட்டேன்.

"வேணாங்க. அது திரும்பச் சத்தம் போட்டா எங்கம்மா இன்னும் மேல ஏறுவாங்க."

போன எறக்கினாரு. "அப்ப பாட்டு வேணாம். நீங்களே பேசுங்க, உங்க மொழியில."

ஒலிபெருக்கி ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மைக் முன்னாடி நின்னு, எறங்கி வாங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அப்படியே நிறுத்திட்டேன். சுனாமி அன்னைக்கும் தண்ணி வடிஞ்சிடுச்சு, வாங்கன்னுதானே கூப்பிட்டாங்க. நம்பி எறங்கினவங்கள அடுத்த அலை கொண்டுபோச்சு, நம்ம அப்பாவையும் சேத்து. எறங்கி வான்னு எவன் சொன்னாலும் அம்மா நம்ப மாட்டாங்க.

"அம்மா, சஃப்வான் பேசுறேன். எறங்காதீங்க. இருக்கிற இடத்துலயே இருங்க. நாங்க எல்லாரும் மேல வர்றோம்."

எல்லாருமா ஏறினோம். கரடி கிட்ட வராம இருக்க கிக்குச்சி முன்னாடி மணி ஆட்டிக்கிட்டே போனாரு. கல்லறைங்களத் தாண்டி ஒரு மரத்தடில அம்மா உக்காந்திருந்தாங்க. பசங்க ரெண்டு பேரையும் சால்வையால தன் இடுப்போட சேத்துக் கட்டியிருந்தாங்க. அந்த முடிச்ச மாமாதான் அவுத்தாரு.

அம்மா ஒவ்வொருத்தர் தலையாத் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "முத்தியா எங்க?"

நீ புள்ளத்தாச்சி, அதான் வரல, பண்டா ஆச்சேல வீட்லதான் இருக்கன்னு சொன்னேன். என் மூஞ்சியவே பாத்தாங்க. "அவ வராம நான் எறங்க மாட்டேன்."

இருட்டிக்கிட்டு வருது அக்கா. கிக்குச்சி இன்னும் மணிய நிறுத்தல. அம்மாவுக்கு நீ பேசிப் பதிவு பண்ணி அனுப்பினா எப்படியும் வந்து சேந்துடும். சீக்கிரம் அனுப்பு. எறங்குங்கன்னு மட்டும் சொல்லிடாத. நீ உயரமான இடத்துல இருக்கன்னு சொல்லு.