ஜன்னலோரம் ஒரு எக்ஸ்ட்ரா பெட்

டைம்கீப்பருக்கு எதற்கும் ஒரு நேரம் வேண்டும். பஸ் டிப்போவில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று இருபத்தாறு வருஷமாக எழுதுகிற மனுஷன். வீட்டில் வெந்நீர் கொதிக்க எத்தனை நிமிஷம் என்றுகூட அவருக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவர் மனைவியின் கண் ஆபரேஷனுக்காக இரண்டு தடவை நகரத்துக்குப் போய், இரண்டு தடவையும் ஆபரேஷன் ஆகாமல் திரும்பி வந்திருந்தார். டிப்போவில் யாராவது கேட்டால் டாக்டருக்கு லீவு என்று சமாளித்தார். டாக்டர் லீவெல்லாம் போடவில்லை, பாவம்.

மனைவி தையல்காரி. இடது கண்ணில் பார்வை போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது வலது கண்ணுக்குள் இருக்கிற திரையும் ஓரத்திலிருந்து பிரிய ஆரம்பித்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற நிலைமை. "வியாழக்கிழமை காலைல ஏழு மணி. இதையும் விட்டுட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க, வந்தும் பிரயோஜனமில்ல" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போன இரண்டு தடவையும் ஒரே கதைதான். முந்தின நாளே போய் ஓட்டலில் தங்குவார்கள். காலையில் அவள் குளித்து, புடவை மாற்றி, ஆஸ்பத்திரி ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு அறை வாசல் வரைக்கும் வருவாள். அங்கே நின்றுவிடுவாள். கதவின் விளிம்பைப் பிடித்த கை விடாது. "என்னால முடியலங்க. ஊருக்கே போயிடலாம்" என்பாள். கத்திக்குப் பயம் என்று டைம்கீப்பர் முடிவு கட்டிக்கொண்டார். வேறு காரணம் ஒன்று அவர் மனதின் மூலையில் இருக்கத்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

பழியை ஓட்டல்மேல் போட்டார். முதல் ஓட்டல் ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரம். இரண்டாவதில் லிஃப்ட் சத்தம், அவள் தூங்கவே இல்லை. மூன்றாவது ஓட்டல் எல்லா விதத்திலும் சரியாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துத்தான், ஆறு வருஷமாகத் திறக்காத பிஸ்கட் டப்பாவைப் பீரோவுக்கு மேலிருந்து இறக்கினார். உள்ளே பாப்பா எழுதிய பட்டியல் இருந்தது.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. இருபது வயசு மகள். இரண்டு வருஷம் அவளுடைய சிகிச்சைக்காக மூன்று பேரும் மாசம் தவறாமல் நகரத்துக்குப் போய்வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஓட்டல்காரனிடம் அப்பா ஏமாறுவதைப் பார்த்துச் சலித்துப்போய், போனில் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். 'லிஃப்ட் நிஜமாவே ஓடுதா? ரெண்டு தடவை கேளுங்க, மொதல் தடவை பொய் சொல்வாங்க. வெந்நீர் எத்தனை மணிக்கு? ஆறரைன்னா வேணாம். லிஃப்டுக்குப் பக்கத்து ரூம் கூடாது. ஜன்னல் திறக்கணும், தொட்டிக்குள்ள கிடக்க நான் என்ன மீனா? மூணு பேர். ஜன்னல் பக்கம் எக்ஸ்ட்ரா பெட், அது எனக்கு, அப்பாவோட குறட்டை எட்டாத தூரத்துல.'

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தங்கிய எந்த ஓட்டலும் மோசம் போனதில்லை.

டிப்போவிலிருந்துதான் போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, ரொம்பப் பகட்டும் இல்லாத, ரொம்ப மட்டமும் இல்லாத ஒரு நடுத்தர ஓட்டல். ரிசப்ஷன் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். பட்டியலில் ஜன்னல் பற்றிய வரி வரைக்கும் வந்ததும் ஒரு டிரைவர் கம்பிக்கு வெளியே நின்று, தான் நாலு நிமிஷம்தான் லேட், ஏழு இல்லை என்று சண்டைக்கு வந்தான். அவனுக்கு ஒரு வாய், போனுக்கு ஒரு வாய். பட்டியலை அப்படியே கடைசி வரை படித்துவிட்டுப் போனை வைத்தார். டைம்கீப்பருக்கு ஏழு நிமிஷம் ஏழு நிமிஷம்தான். டிரைவரை ஜெயித்த சந்தோஷத்தில், எத்தனை டிக் போட்டோம் என்று அவர் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டல் வாசலில் இறங்கினார்கள். ரிசப்ஷன் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள்.

"மூணு பேர்னு இருக்கே சார். எக்ஸ்ட்ரா பெட்டும் போட்டாச்சு. இன்னொருத்தர்?"

டைம்கீப்பருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள்.

"பின்னால வருவா" என்றாள் மனைவி.

சாதாரணமாகத்தான் சொன்னாள், கடைக்குப் போயிருக்கிற ஆளைப் பற்றிச் சொல்வது போல. ரிசப்ஷன் பெண்ணும் தலையாட்டிவிட்டுச் சாவி அட்டையைக் கொடுத்தாள்.

மூன்றாவது மாடி. பெரிய கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஜன்னலை ஒட்டி மடக்குக் கட்டில் ஒன்று விரித்து, வெள்ளை விரிப்பு போட்டு, தலையணையும் வைத்திருந்தார்கள். மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே அங்கே போய், விரிப்பைத் தடவிப் பார்த்துச் சுருக்கத்தை நீவினாள்.

"நான்தான் வாய் தவறிச் சொல்லித் தொலைச்சிட்டேன்மா. எடுக்கச் சொல்லிடறேன்."

"இருக்கட்டும்."

"நீ மனசைக் கஷ்டப்படுத்திக்கப் போற."

"போன ரெண்டு தடவை நீங்க ரெண்டு பேர்னு சொன்னீங்களே, அப்பத்தான் கஷ்டமா இருந்துச்சு" என்றாள்.

அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து நேரம் பார்ப்பதுதான். வெளியே கிளம்பினார். லிஃப்ட் மூன்றாவது மாடியிலிருந்து கீழே வர நாற்பது விநாடி. ஓட்டல் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி கேட் வரை நடந்தால் பதினோரு நிமிஷம், டாக்ஸி என்றால் ஐந்து. வழியில் மருந்துக் கடை ஒன்று, கஞ்சி போட்டுத் தருகிற கடை ஒன்று. எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு நாலரை மணிக்குத் திரும்பினார். அறைக்குள் மனைவி யாருடனோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார். அப்புறம் தட்டிவிட்டு உள்ளே போனார்.

பெரிய கட்டிலில், ஜன்னலைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"யார்கூடப் பேசிட்டிருந்த?"

"நான் யார்கூடப் பேசப்போறேன்."

மடக்குக் கட்டிலின் ஓரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்தாற்போல விரிப்பு குழிந்திருந்தது. இவள்தான் உட்கார்ந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டார். அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டினார்.

வியாழக்கிழமை காலை. ஐந்தரைக்கு வெந்நீர் வந்துவிட்டது. ஆறே காலுக்கு அவள் தயார். தெருப் புழுதி உள்ளே வரக் கூடாதென்று அவர் ஜன்னலைச் சாத்தினார். கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அழுத்தித்தான் மாட்ட முடிந்தது. இவளோ மடக்குக் கட்டிலின் போர்வையைத் தலையணை வரைக்கும் இழுத்துவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

நின்றாள். கதவின் விளிம்பைக் கை பிடித்தது.

"மணி ஆறு இருபது. டாக்ஸி கீழ நிக்குது. வாம்மா."

"முடியலங்க."

"கத்தி வலிக்காதுன்னு டாக்டர் எத்தனை தடவை சொல்லிட்டாரு. மரத்துப்போக ஊசி போட்டுடுவாங்க."

"கத்திக்கு யார் பயந்தா? இந்தக் கதவைச் சாத்திட்டுப் போக முடியல என்னால."

இப்போதும் அவர் புரியாத மாதிரி இருந்திருக்கலாம். ஆறு வருஷமாக அதைத்தானே செய்தார்? ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "இது அந்த மாதிரிப் பூட்டு இல்லம்மா. வெளிய பூட்டினாலும் உள்ள இருக்கிறவங்க திறக்கலாம். பாரு" என்று கைப்பிடியைத் திருகித் திருகிக் காட்டினார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக் காட்டுகிறோம் என்பது பாதியில் உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் இதே போல ஒரு ஓட்டல்தான். ரிப்போர்ட் வாங்க மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். டைம்கீப்பர் ரயில் டிக்கெட் எடுக்கக் கிளம்பினார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். யாராவது தட்டி எழுப்பிவிடப் போகிறார்கள் என்று வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்பது நிமிஷம் என்று கணக்குப் போட்டது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது கதவு பாதிக்குமேல் போகவில்லை. உள்ளே அவள் கதவோடு சாய்ந்து கிடந்தாள். திறந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். அவர்கள் சொல்வார்கள். அந்தக் கதவைத் தள்ளியது அவர் கைதானே.

"தூங்கட்டும்னுதான் பூட்டினீங்க. உங்களை நான் ஒரு வார்த்தை சொன்னேனா?" என்றாள் மனைவி. "எனக்கு மறுபடியும் சாத்திட்டுப் போற தைரியம் இல்ல. நீங்க இங்க இவளோட இருங்க. நான் தனியாப் போயிக்கிறேன்."

"கையெழுத்துப் போட ஆள் இல்லாம உள்ள விட மாட்டாங்க."

"அப்ப கண்ணு போனாப் போகட்டும்."

ஆறு முப்பத்தொன்று. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போதுதான் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து சக்கரச் சத்தம் கேட்டது. அறை சுத்தம் செய்கிற பெண், விரிப்பும் துவாலையும் அடுக்கிய தள்ளுவண்டியோடு வந்தாள். நாற்பது வயசு இருக்கும்.

"ரூம் காலி பண்றீங்களா சார்?"

"இல்ல" என்று மனைவி முந்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோம். பொண்ணு தூங்கறா. கதவைப் பூட்ட வேணாம்."

சுத்தம் செய்கிற பெண் எட்டிப் பார்த்தாள். சமமாகக் கிடந்த போர்வை, கசங்காத தலையணை. மனைவியின் முகத்தைப் பார்த்தாள், டைம்கீப்பரின் முகத்தையும் பார்த்தாள். சிரிக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும்.

"எங்க வேலையில ரூமுக்குள்ள இருக்கிறப்ப கதவைச் சாத்தக் கூடாதும்மா. வண்டிய வாசல்ல குறுக்கப் போட்டுட்டுத்தான் சுத்தம் பண்ணணும்" என்றாள். "இந்த வரிசைல எனக்கு எட்டு ரூம் இருக்கு. வண்டிய உங்க வாசல்லயே போட்டுக்கிறேன். துணி எடுக்க, வைக்க நான் இங்கதான் வந்து வந்து போகணும். நீங்க வர்ற வரைக்கும் கதவு திறந்தே இருக்கும்."

"கூப்பிட்டாக் கேக்குமா உனக்கு?"

"நல்லாக் கேக்கும்மா."

வண்டி வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றது. மனைவி கதவிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். லிஃப்ட் வரைக்கும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் கதவு திறந்தே இருந்தது.

ஆறு நாற்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி கேட். ஏழு ஐந்துக்குக் கையெழுத்து. பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "திரை ஒட்டிடுச்சு. கண் பிழைச்சது. ரெண்டு வாரம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது" என்றார். டைம்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எத்தனை நிமிஷம் அழுதார் என்று நோட்டில் இல்லை.

பன்னிரண்டரைக்கு அறைக்குத் திரும்பினார்கள். வண்டி வாசலில் அப்படியே குறுக்கே நின்றது. பக்கத்தில் அந்தப் பெண் துவாலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தூக்கம்மா. ஒருதரம்கூடக் கூப்பிடல" என்றாள்.

கண்ணில் கட்டோடு இருந்த மனைவி அவள் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். டைம்கீப்பர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பெரிய கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மடக்குக் கட்டிலின் விரிப்பு காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

வாசலுக்கு வந்து மெதுவாகக் கேட்டார். "ஜன்னலைத் திறந்தீங்களாம்மா?"

"நான் வண்டியத் தாண்டி உள்ள காலே வைக்கல சார். தூங்கறாங்கன்னு அம்மா சொன்னாங்களே."

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். கொண்டியில் வைத்து அழுத்திய இரண்டு உள்ளங்கையிலும் துரு இன்னும் ஒட்டியிருந்தது. அந்தப் பெண் வண்டியை நகர்த்திக்கொண்டு, வழக்கப்படி கதவை இழுத்துச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்க" என்றார்.

நாற்காலியை இழுத்து, திறந்த கதவில் முட்டுக்கொடுத்து அதிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருந்தார். அப்புறம் பார்த்தார். ஆறு வருஷமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பாப்பா. அப்பா இங்கதான் இருக்கேன்மா. பூட்டல. இனிமே பூட்ட மாட்டேன்."

தூங்கிவிட்டாள் என்று அவர் நினைத்திருந்த மனைவி, படுத்தபடியே சொன்னாள்: "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்தா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.