கத்திரிக்காய்ப் பழி

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அந்த ஒரு வீட்டில் மட்டும் வருஷக்கணக்காகக் கத்திரிக்காய் நுழைவதில்லை. காமாக்ஷியின் கணவர் வேதாந்தம், அவள் வைத்த கத்திரிக்காய் கொத்சுவைச் சாப்பிட்ட அன்றே முகமும் தொண்டையும் வீங்கி, மூச்சடைத்துப் போய்விட்டார். ஒவ்வாமை என்றார்கள். நாத்தனார் மட்டும் அவள் கைச்சாப்பாடுதான் காரணம் என்றாள். அன்றோடு காமாக்ஷி கத்திரிக்காயைத் தலைமுழுகினாள். பாவம், அந்தக் காய் என்ன பாவம் செய்தது?

பிள்ளை ஷங்கருக்கும் அவ்வப்போது கைகால் வீங்கும், வயிறு சுருட்டிப் பிடிக்கும். கேன்டீனில் கண்டதைத் தின்றிருப்பான் என்று திட்டுவாள். அவன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தபோது அவள் கவலைப்படவே இல்லை. ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தாள். மறுநாள் காலையில் உதடு வீங்கியது. மதியத்துக்குள் குரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வாமைக்குப் போட்ட ஊசி எதற்கும் வீக்கம் மசியவில்லை. தொண்டையில் குழாயைச் செருகிவிட்டு வந்த டாக்டர் மாதுரி, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று ஹிந்தியில் கேட்டாள். காமாக்ஷி கத்திரிக்காய்க் கதையைச் சொன்னாள். அவரும் பல் பிடுங்கியிருந்தாரா என்று டாக்டர் கேட்டதும் காமாக்ஷிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. முதல் நாள்தான் பிடுங்கியிருந்தார். மெல்ல முடியவில்லை என்றுதானே அவள் கொத்சுவை மசித்து வைத்தாள்.

சந்தேகத்தின் பேரிலேயே பிளாஸ்மா ஏற்றினார்கள். வீக்கம் மெல்ல வடிந்தது, குழாயை எடுத்தார்கள். பிறகு வந்த பரிசோதனை முடிவும் டாக்டர் நினைத்ததையே சொன்னது. ரத்தத்தில் சி-ஒன் இன்ஹிபிட்டர் என்றொரு புரதம் உண்டு. சில நொதிகளை அடக்கி வைப்பது அதன் வேலை. ஷங்கருக்கு அது போதவில்லை. பல் பிடுங்கின காயமே போதும், உடம்பு வீங்கிவிடும். அப்பாவிடமிருந்து வந்திருக்கும், மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதற்கென்று உள்ள மருந்தும் சுலபத்தில் கிடைக்காது என்றாள் டாக்டர்.

கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்? உண்மையும் வந்துவிட்டது. பழி நீங்கிய அந்த ஒரு நொடி காமாக்ஷிக்கு மனசு லேசாகிவிட்டது. பிள்ளை இப்படிக் கிடக்கையில் இது என்ன நிம்மதி என்று தன்னையே வெறுத்தாள்.

ஷங்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னான்: "அம்மா, நீ ஒண்ணும் பண்ணலை, அச்சா? இனிமே நாம கத்திரிக்காய் சாப்பிடலாம்."

காமாக்ஷி அழுதாள்.

"அதுவாவே இருந்திருக்கப்படாதாடா? கத்திரிக்காய்னா வாசல்லயே நிறுத்திடுவேனே."