பொன்ராஜ் கையில் கன்ட்ரோலர்

முகத்துவாரத்து மணல் மேல் ஆணையாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. செத்தவர் விஷயத்தில் பொய் சொன்னால் நாக்கில் உப்புப் பூத்துவிடும் என்று நெட்டுக்குப்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இதைச் சொல்கிற நாக்கு இன்றைக்கும் கருவாட்டுக் குழம்புக்கு உப்பு பத்தவில்லை என்றுதான் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பொன்ராஜின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி மறுபடியும் அவிழ்ந்தது.

அவர் மகன் பாஸ்கர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சாமியானாவுக்குக் கீழே பெஞ்சில் அப்பா நீட்டிப் படுத்திருந்தார். கால்கட்டு ஒழுங்காக நின்றுவிட்டது. கைக்கட்டுதான் நிற்கவில்லை. நெஞ்சின் மேல் கைகளைச் சேர்த்து, கட்டைவிரல்களை இறுக்கிக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும். முடிச்சு தானாகத் தளரும். உள்ளங்கைகள் இரண்டும் மெதுவாக விலகி, எதிரெதிரே வளைந்து, கட்டைவிரல்கள் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

கட்டியவர் சாதாரண ஆளாக இருந்தால் ஆளைக் குறை சொல்லலாம். கட்டியவர் அடுத்த வீட்டு அசோகன். வலையில் அவர் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்த திருக்கை ஒன்று வெட்கப்பட்டுக் கரையேறி வந்ததாக குப்பத்தில் சொல்வார்கள். அவர் துணியை எறிந்துவிட்டு நைலான் கயிற்றை எடுத்தார். அதுவும் அவிழ்ந்தது. அசோகன் பெஞ்சின் ஓரத்தில் குந்திவிட்டார்.

"கை இன்னாவோ கேக்குதுப்பா. அத்த குடுக்காம தூக்க முடியாது."

கேட்பது என்ன என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. குவார்ட்டர் பாட்டிலை வைத்துப் பார்த்தார்கள். விரல்கள் அதைச் சீண்டவில்லை. பீடிக்கட்டு வைத்தார்கள், உருண்டு கீழே விழுந்தது. பொன்ராஜ் காலமெல்லாம் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர் என்பதால், அவர் ஓட்டிய போட்டிலிருந்து ஸ்டேரிங்கையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கை அதைப் பிடிக்கத்தான் பார்த்தது. ஆனால் வட்டம் ரொம்பப் பெரிசு. கேட்பது இதைவிடச் சின்னது, இரண்டு கைக்குள் அடங்குவது என்பது மட்டும் தெரிந்தது. 

தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா, விசிறியை நிறுத்தாமல், மகனையும் பார்க்காமல் சொன்னாள்.

"போயி அத்த வாங்கினு வா பாஸ்கரு."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. பாஸ்கருக்குப் புரிந்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான்.

விஷயம் இதுதான். பக்கவாதம் வந்து கடலுக்குப் போவது நின்றபிறகு, விரலுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பாஸ்கரின் தங்கை சினேகா டிவியில் ஒரு படகு ஓட்டும் கேம் போட்டுக் கொடுத்தாள். ரிமோட்டை வைத்துக்கொண்டு பொன்ராஜ் ஓட்டினார். நிஜக் கடலில் ஒரு நாளும் தரை தட்டாத மனுஷன், டிவிக் கடலில் பாறையாகத் தேடிப்போய் இடித்தார். கன்னியம்மாவுக்கு சீரியல் நேரம் வந்தால் போனில் ஓட்டினார். போனில் சார்ஜ் தீர்ந்தால் சினேகாவின் லேப்டாப்பில் ஓட்டினார். எதிலும் கைக்குப் பிடி கிடைக்கவில்லை. ஒரு நாள் மகனைக் கூப்பிட்டு, வொயர் இல்லாமல் கையில் பிடித்து ஓட்டுகிற சாமான் ஒன்று இருக்கிறதாமே, டிவி, போன், லேப்டாப் மூன்றுக்கும் சேருகிற மாதிரி ஒன்று வாங்கி வா என்றார். அவர் வாயைத் திறந்து மகனிடம் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கேட்டது தப்பான ஆளிடம். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை பார்க்கும் பாஸ்கர், எந்தப் பேனாவில் கையெழுத்துப் போடுவது என்று யோசிக்கவே டீ குடிக்கப் போகிறவன். பெண் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தான். யோசித்து முடித்துச் சம்மதம் சொல்லப் போன அன்று அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காதுகுத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினான். கன்ட்ரோலரையும் அப்படித்தான் யோசித்தான். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். ஒருவன் ஒன்றைப் புகழ்வான், அடுத்தவன் அதையே காறித் துப்புவான். நைனா "வந்துச்சாடா?" என்பார். இவன் "பாத்துகினு கீறேன் நைனா" என்பான். நேற்று சாயங்காலமும் கேட்டார். இவன் நேற்று சாயங்காலமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

யார்டில் கூட வேலை செய்யும் தோஸ்து தமீம் பைக்கை எடுத்தான். கல்மண்டபத்தில் ஃபவாஸின் செல்போன் கடைக்குப் போனார்கள். மாலையும் கையுமாக நிற்க வேண்டியவன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றான். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கன்ட்ரோலர்கள் நண்டு மாதிரிக் கொடுக்கை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

எதுக்கு வேணும் என்று ஃபவாஸ் கேட்டான். டிவியா, போனா, கம்ப்யூட்டரா? பாஸ்கர் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் சாமான் வீட்டில் இருக்கப்போவதில்லையே.

தமீம்தான் சொன்னான். "இவுங்க நைனா மவுத் ஆயிட்டாரு பாய். கூட வச்சி அனுப்பறதுக்கு. அங்க இன்னா செட்டு கீதோ, யாருக்குத் தெரியும்? எல்லாத்துக்கும் சேர்ற மாதிரி குடு."

ஃபவாஸ் சிரிக்கவில்லை. வியாபாரி. தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு யோசித்தான். புளூடூத் மட்டும் இருந்தால் போதாது, பழைய செட்டாக இருந்தால் சேராது என்றான். கூடவே சொருகுகிற குட்டி ரிசீவரும் உள்ள மாடல்தான் நல்லது, எந்த ஊருக்குப் போனாலும் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. பட்டனை அழுத்திப் பிடித்தால் கிட்டே எது இருந்தாலும் தேடிப்பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டது கடையில் இரண்டு இருந்தது. இரண்டையும் எடுத்துப் பாஸ்கரின் இரண்டு கையிலும் கொடுத்தான்.

வலது கையில் இருந்தது, கட்டைவிரலால் தள்ளுகிற குச்சிக்கு அடியில் காந்தம் வைத்தது, தேயாது. இடது கையில் இருந்தது சாதா. கொஞ்ச நாள் போனால் குச்சி லூசாகி, கையை எடுத்தாலும் திரையில் ஓடுவது தானாக ஒரு பக்கம் போகும் என்றான் ஃபவாஸ்.

பாஸ்கர் நிமிர்ந்தான். "கைய எடுத்தப்பறமும் ஓடிகினே இருக்குமா?"

"அது கம்ப்ளெய்ன்ட்டு தலிவா. அத்தப் போயி கேக்கறியே."

பாஸ்கர் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தான். அது கம்ப்ளெய்ன்ட்டா, வசதியா என்று அவனால் சொல்ல முடியவில்லை. காந்தம் நல்லதுதான். ஆனால் மண்ணுக்கடியில் காந்தத்துக்கு என்ன ஆகும்? நைனாவுக்குக் கறுப்பு பிடிக்குமா, வெள்ளை பிடிக்குமா? ஒரு நாளும் கேட்டதில்லை. வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. தமீம் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டும் ஆறிப்போயின. சினேகா போன் செய்து, தூக்க வேண்டும், அசோகன் மாமா கையைக் கட்டிக்கட்டி ஓய்ந்துவிட்டார் என்றாள். பிறகு போன் கன்னியம்மாவின் கைக்கு மாறியது.

"இன்னாடா?"

"ரெண்டு கீதுமா. எதுன்னு தெரியல."

கன்னியம்மா சாவு மேளத்தைத் தாண்டி நகர்ந்து வந்து சொன்னாள்.

"நீ எத்த குடுத்தாலும் வாங்கிப்பாரு. உங்க நைனா என்னிக்குடா உன்ன வாணான்னாரு? குடுக்கணும், அவ்ளோதான்."

போனை வைத்தபிறகும் பாஸ்கர் அப்படியே குனிந்து நின்றான். ஃபவாஸ் அலமாரியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான். தமீம் ரோட்டைப் பார்த்தான். வெயில் கொளுத்துகிற பகல், கடைக்குள் ஒரு சொட்டு ஒழுக வழியில்லை. ஆனாலும் ஒரு கன்ட்ரோலர் மட்டும் நனைந்துபோயிருந்தது. நனைந்த சரக்கைத் திரும்ப அடுக்க முடியாது என்பதால் பாஸ்கர் அதையே வாங்கிக்கொண்டான். அது காந்தம் வைத்ததா, சாதாவா என்று அவன் பார்க்கவில்லை. பெரிதாக ஒன்றை அவன் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து அதை அப்பாவின் கைகளுக்கு நடுவே வைத்தான். உள்ளங்கைகள் நெருங்கி வந்தன. விரல்கள் பின்பக்கம் படிந்தன. கட்டைவிரல்கள் இரண்டும் இரண்டு குச்சிகளின் மேல் இறங்கி உட்கார்ந்தன. அசோகன் கயிற்றை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, இனிமேல் கட்டு வேண்டியதில்லை என்று எழுந்தார்.  கன்னியம்மா புருஷன் கையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கன்ட்ரோலரில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

ஒரு தப்பு நடந்தது. வலையை இறக்கினால் அதை எடுக்கிறவரை இஞ்சினை அணைக்காத ஜனம். கன்ட்ரோலரை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதன் முகத்தில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

பாடை கிளம்பியது. பாஸ்கர் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். முதல் வீட்டைத் தாண்டும்போது அந்த வீட்டு டிவி தானாக எரிந்தது. இரண்டாவது வீட்டில் யாரும் இல்லை, பூட்டியிருந்தது. ஆனாலும் ஜன்னல் வழியாக டிவி வெளிச்சம் வந்தது. டீக்கடை டிவியும் தானாக எரிந்து, அதில் கத்திய செய்திக்காரரின் சத்தம் பாடை நெருங்க நெருங்கக் குறைந்து, கடந்து போனபிறகு ஏறியது. தெரு முழுக்க டிவிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு, எல்லாவற்றிலும் நீலக் கடல். ஃபவாஸ் சொன்ன சொல்லைக் கன்ட்ரோலர் காப்பாற்றியது; கிட்டே வந்ததோடெல்லாம் சேர்ந்துகொண்டது. தெரு முனையில் திரும்பியபோது, தூரத்துத் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஒன்று கழுத்தை இடப்பக்கம் திருப்பியது. கிரேன் தன் வேலையாகவும் திரும்பியிருக்கலாம். அதில் அடித்துச் சொல்ல முடியாது.

குழிக்குள் இறக்கும்போது, நல்ல சாமான் வீணாகப் போகிறதே, எடுத்து வைத்துக்கொள் என்று யாரோ பாஸ்கரின் காதில் சொன்னார்கள். அவன் யோசிக்கவில்லை. வேண்டாம் என்றான். முதல் பிடி மண்ணை அவனே போட்டான்.

முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பெஞ்சைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். சினேகா சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கன்னியம்மா டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சீரியல் நேரம்தான். ஆனால் சீரியல் இல்லை, படகு ஓடிக்கொண்டிருந்தது. பாறைகள் இரண்டு பக்கமும் விலகிப் போயின. முகத்துவாரம் மாதிரி ஒரு குறுகல் வந்தது. படகு அதில் உரசாமல் நுழைந்து வெளியே போனது.

பாஸ்கர் ஈரத்துணியோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நேரா வுடறாரு பாத்தியா," என்றாள் கன்னியம்மா.

"ஆமாம்மா."

அவள் நகர்ந்து பாயில் அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள். வாசலில் செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இரண்டு பேரும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே நெட்டுக்குப்பத்தில் கரண்ட் இல்லை.