நாற்பது ஜாக்கிகள்

பழைய இரும்பு எடுக்க வந்த சலீம் பாய் தராசை இறக்கி வைத்துவிட்டுக் கேட்ட கேள்வியில்தான் ஆரோக்கியமேரி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"க்யா அம்மா, எண்பது ஜாக்கி இருக்குன்னு போன்ல சொன்னீங்க. இங்க பாதிதானே கிடக்குது?"

மேரி ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மேற்குச் சுவரோரம் அடுக்கு இடுப்பளவுக்குத்தான் இருந்தது. போன வாரம் அது தோள் உயரம். திரும்பிக் கிழக்குச் சுவரைப் பார்த்தாள். அங்கே நல்ல ஜாக்கிகள் அடுக்கினது அடுக்கினபடியே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

செகந்திராபாத்துக்குப் பக்கத்தில், நாச்சாரம் தொழிற்பேட்டையின் பின்பக்கம், ஒரு மருந்து டப்பா கம்பெனிக்கும் லேத் பட்டறைக்கும் நடுவே, அவளும் அவள் கணவன் மோகனும் பதினாறு வருஷமாகச் சென்டரிங் சாமான் வாடகைக்கு விடுகிறார்கள். வீடு கட்டுகிறவர்களுக்குத் தளம் போடும்போது வேண்டிய தகடு, கட்டை, ஜாக்கி எல்லாம் இங்கிருந்து போகும். ஜாக்கி என்றால் காரைத் தூக்குகிற ஜாக்கி இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு இரும்புக் குழாய்கள். வேண்டிய உயரத்துக்கு இழுத்து, ஓட்டையில் பின்னைச் செருகி, மரையைத் திருகி இறுக்கினால், மேலே ஊற்றும் கான்கிரீட் இறுகித் தானாக நிற்கிறவரைக்கும் அதுதான் தாங்கும்.

மேற்குச் சுவரோரம் இருந்தவை தாங்காதவை. பின் போடும் ஓட்டையிலிருந்து விரிசல் விட்டவை. அதற்கு மேல் யாரோ வெல்டிங் வைத்து ஒப்பேற்றியவை. கண்ணுக்கு நேராகத்தான் நிற்கும். பாரம் ஏறும்போதுதான் முழங்கால் மடிகிற மாதிரி மடியும். திரும்பி வருகிற ஒவ்வொரு லோடிலும் அப்படிப்பட்டதைப் பொறுக்கி, அடியில் மஞ்சள் பெயின்டால் ஒரு வளையம் போட்டு ஒதுக்கி வைப்பது மேரியின் வேலை.

முந்தாநாள் மதியம் நடந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வரிசையில் நின்றிருந்தபோது ஆட்டோ டிராலி டிரைவர் போன் செய்தான். மோகன் ஊரில் இல்லை. பாலாநகர் சைட்டுக்கு இன்னும் நாற்பது வேண்டுமாம், எதை எடுக்க என்று கேட்டான். "சுவரோரம் இருக்கிறதுல எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எந்தச் சுவர் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாலாநகர் சைட்டில் இன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் கான்கிரீட். மணி ஒன்பதே கால்.

மேஸ்திரி ஸ்ரீகாந்துக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பம்ப் ஓடுகிற இடத்தில் யாருக்குப் போன் கேட்கும்?

வீட்டுக்காரர் அனந்தராமனின் நம்பர் இருந்தது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் அவரும் மனைவி பட்டுவும் குடியிருக்க, மேலே ஒரு மாடி எடுக்கிறார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"யாரு, சென்டரிங் மேரியா? சொல்லும்மா."

பின்னால் பம்ப் இரைந்துகொண்டிருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் எல்லாம் கண்முன்னால் ஓடியது. ஸ்ரீகாந்த் ஊர் முழுக்கச் சொல்வான். இனி எந்த மேஸ்திரியும் இந்தக் கேட்டுக்குள் நுழைய மாட்டான். போலீஸ் வரும். ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போய்விட்டால்? நூற்றைம்பது ஜாக்கியில் நாற்பதுதானே?

"ஒண்ணுமில்ல சார். வேலை நல்லா நடக்குதான்னு கேக்கலாம்னு…"

"பிரமாதமா நடக்கறது. முதல் லாரி ஆயிடுத்து. ரெண்டாவது பௌன்பள்ளி டிராபிக்ல மாட்டிண்டிருக்காம். நானும் மாமியும் உள்ளே நின்னு பாத்துண்டிருக்கோம். அடியில பாத்தா காடு மாதிரி இருக்கு, போ."

"சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. உள்ளே நிற்கிறார்கள். அந்தத் தளத்துக்கு அடியில், அந்த ஜாக்கிகளுக்கு நடுவே.

மோகன் அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்தான். அவனிடம் நாலு வார்த்தையில் சொன்னாள். அவன் கிழக்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் கிழக்குச் சுவர்ல இருந்து நாற்பது ஏத்திக்கிட்டுப் பின்னாடியே வரேன். நீ வண்டியை எடு. போற வழியில அவருக்குச் சொல்லிடு மேரி. மறைக்காதே."

தார்நாக்கா தாண்டும்வரை அவளால் வண்டியை நிறுத்த முடியவில்லை. செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றோடொன்று செருகிக்கொண்டு நின்றன. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. எங்கோ தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது அது பாலாநகருக்குத்தான் போகிறது என்று தோன்றி, கை பிரேக்கை விட்டு நழுவியது. ஓரம் கட்டினாள். ஒரு செருப்புக் கடை வாசலில் நின்று போனை எடுத்தாள்.

"சார், நான் முதல்ல பொய் சொல்லிட்டேன். முந்தாநாள் வந்த நாற்பது ஜாக்கி கழிச்சு வச்சது. தப்பா வந்துடுச்சு. என் தப்பு. உள்ள யாரும் நிக்காதீங்க, சார். மாமியைக் கீழ கூட்டிட்டுப் போயிடுங்க."

"ரிஜெக்ட் ஆன பீஸா?"

"ஆமா சார்."

முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "பட்டு, வெளியே வா. இப்பவே. காரணம் அப்புறம் சொல்றேன்" என்று கத்தியது மேரிக்குக் கேட்டது. அப்புறம் லைன் அறுந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை ஆகியிருந்தது. வீடு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஸ்டாண்டு போட மறந்து வண்டி சாய்ந்து விழுந்தது. தெருவில் பம்ப் வண்டி நீளக் கையை மடக்காமல் அப்படியே நின்றது. இரண்டாவது லாரி வந்து டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அனந்தராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே நின்றார். ஸ்ரீகாந்த் அவரிடம் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். மேரியைப் பார்த்ததும் இவள் பக்கம் திரும்பினான். தெலுங்கும் இந்தியும் கலந்து பொரிந்து தள்ளினான்.

"ஏமக்கா இது? பாதித் தளம் போட்டாச்சு. ஒரு மணி நேரம் விட்டா பழசும் புதுசும் ஒட்டாம ஜாயின்ட் விழுந்துடும். அப்புறம் மழைக்கு ஒழுகினா நீ வந்து பதில் சொல்வியா? எல்லா ஜாக்கியும் நேராத்தான் நிக்குது. நானே பாத்தேன்!"

"நேராத்தான் நிக்கும், தம்பி. அதான் பயம்" என்றாள் மேரி. "மேல யாரு இருக்கா?"

"அஞ்சு பேர்."

"இறக்கு. கையெடுத்துக் கும்பிடறேன், இறக்கு."

பதிலுக்கு நிற்காமல் மாடிப்படி ஏறினாள்.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. அறைக்கு அறை, இரண்டடிக்கு ஒன்றாக ஜாக்கிகள் நின்றன. தலைக்கு மேலே தகட்டின் இடுக்குகளிலிருந்து சிமென்ட் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டு விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. எத்தனை டன் ஈரக் கான்கிரீட் மேலே கிடக்கிறது என்று நினைத்தபோது அவள் தலை தானாகக் குனிந்தது. மாதாவே, மாதாவே என்று உதடு மட்டும் அசைந்தது.

ஒரு ஆள் சுத்தியலோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். கான்கிரீட் போடும்போது அடியில் நின்று கட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் சென்டரிங்காரன். யோகேஷ் என்று பெயர் சொன்னான், பீகாரில் கயா பக்கம்.

"தீதி, எல்லாரும் வெளிய போ, போன்னாங்க. நான் போனா யார் பாக்கறது?" என்று இந்தியில் கேட்டான்.

அவனுக்கும் பயம்தான்.

அடியில் மஞ்சள் வளையம் இருப்பதைத் தேடு என்று அவனிடம் சொல்லிவிட்டு மேரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஜாக்கிகளின் அடிப்பாகமெல்லாம் சிமென்ட் பால் வழிந்து சாம்பல் பூசியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். இல்லை. அடுத்தது. இல்லை. மூன்றாவதில் மஞ்சள். நான்காவதிலும் மஞ்சள். ஐந்திலும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து நிற்கும் என்றுதான் வழியெல்லாம் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் கடைசியாக வந்த லோடை அப்படியே கொண்டுவந்து தெருப் பக்க அறை ஒன்றிலேயே நட்டிருந்தார்கள். அந்த அறைக்கு மேலேதான் முதல் லாரி முழுக்கக் கொட்டியிருந்தது.

"டிக்."

சின்னச் சத்தம். பல்லில் கல் கடிபட்ட மாதிரி.

யோகேஷ் விரலை நீட்டினான். ஜன்னலோரம் ஒரு ஜாக்கி, பின் செருகிய இடத்தில், வெல்டிங் பிளந்து லேசாக வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் துருத்தியது. யோகேஷ் பாய்ந்து ஒரு மரக்கம்பை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி ஆப்பு அடிக்கப் போனான். இரண்டாவது அடி விழுவதற்குள் அடுத்த ஜாக்கி மடிந்தது. அதற்கடுத்ததும். தலைக்கு மேல் தகடு அலறியது. இடுக்கு பிளந்து கூழாகக் கான்கிரீட் மேரியின் தோளில் கொட்டியது.

அவளால் நகர முடியவில்லை. யோகேஷ்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் தள்ளினான். மேலேயிருந்து ஆட்கள் சாரம் வழியாகச் சரசரவென்று இறங்கினார்கள். தெருவில் யாரோ பெண்பிள்ளை வீரிட்டாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. தெருப் பக்க மூலை ஒரு சாண் இறங்கி, தொப்பை மாதிரி தொங்கிக்கொண்டு அப்படியே நின்றது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மோகனின் டிராலி பதினைந்து நிமிஷத்தில் வந்தது. நாற்பது ஜாக்கிகளைத் தெருவில் இறக்கினார்கள். உள்ளே கொண்டுபோக யாரும் வரவில்லை. ஸ்ரீகாந்தின் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன், "நக்கோ பாய், வேணாம், எனக்குப் பிள்ளைகள் இருக்கு" என்று ஒதுங்கிப் போய் உட்கார்ந்தான். மேரி அவனைக் குறை நினைக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு ஜாக்கியைத் தோளில் தூக்கினாள். மோகன் அடுத்ததைத் தூக்கினான். யோகேஷ் மூன்றாவதை எடுத்தான்.

பழையதை எடுக்காமல், அதன் பக்கத்திலேயே நல்லதை நட்டு இறுக்க வேண்டும். உறுதியான பக்கத்திலிருந்து ஆரம்பித்து, தொங்குகிற மூலையை நோக்கி ஒவ்வொரு வரிசையாகப் போக வேண்டும். மரையைத் திருகும்போது கை வழுக்கியது. ஒவ்வொரு திருகலுக்கும் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த நேரத்தில் மேலே ஸ்ரீகாந்த், முதலில் கத்தின அதே ஸ்ரீகாந்த், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பக்கத்து அறைச் சுவருக்கு மேலே பலகை போட்டு நின்று, தொங்குகிற மூலையிலிருந்து ஈரக் கான்கிரீட்டை மண்வெட்டியால் வாரி வாரித் தெருவில் எறிந்தான். பாரம் குறையக் குறையத் தகட்டின் முனகல் அடங்கியது.

ஒரு மணிக்குக் கடைசி ஜாக்கியை இறுக்கினார்கள். மேரி படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அனந்தராமன் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். அவள் வாய் கொப்பளிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"முதல்ல போன் பண்ணினப்பவே தெரியுமோ உனக்கு?"

"தெரியும் சார்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் அந்த ஜன்னல்கிட்டதான் நின்னுண்டிருந்தோம்."

"தெரியும் சார். நீங்க சொன்னீங்க." சொம்பைத் திருப்பி நீட்டி, "பயந்துட்டேன்" என்றாள்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொம்பை வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்தார். அந்த அறைத் தளத்தை முழுக்க உடைத்து, கம்பியை மாற்றி, புதிதாகப் போட வேண்டும் என்றார். மற்ற அறைகளுக்குக் குற்றமில்லை என்றார். உடைக்கிற அன்றும் மறுபடி போடுகிற அன்றும் மேரி அங்கேயே இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜாக்கியையும் அவளே தட்டிப் பார்த்து நட்டாள். ஸ்ரீகாந்த் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வெளியே யாரிடமும் அவன் சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டாவது முறை கான்கிரீட் போட்டு முடிந்த அன்று சாயங்காலம், மேரி கை கழுவிக்கொண்டிருந்தபோது பட்டு மாமி மாடிப்படியின் பாதிவரைக்கும் வந்து நின்றாள். அதற்கு மேல் ஏறவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே அந்த அறையைப் பார்த்தாள்.

"வெளியூர்லேர்ந்து பிள்ளை வந்தா படுத்துக்கணும்னுதான் இந்த ரூமைக் கட்டினது. இனிமே அவனை இதுக்கு அடியில எப்படிம்மா படுக்க வைப்பேன்?"

மேரிக்குச் சொல்ல நிறைய இருந்தது. கம்பி புதுசு, சிமென்ட் புதுசு, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் இந்த வீட்டில் அவள் வாயால் சொன்னால் அதை யார் நம்புவார்கள்?

"தெரியலை மாமி" என்றாள்.

மாமி தலைப்பை விரலிலிருந்து விடுவித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள்.