மெழுகுப் பனைக்கு ஏசி

கொலம்பியாவுக்குப் பனியன் விற்கப் போன முதலாளி பிரபாகர், ஆர்டர் வாங்காமல் மெழுகுப் பனை விதை வாங்கி வந்தார். உலகத்திலேயே உயரமான பனை அது. இருநூறு அடி போகும், தண்டெல்லாம் வெள்ளை மெழுகு பூத்திருக்கும். கம்பெனி கேட்டில் அது நின்றால் பக்கத்து எக்ஸ்போர்ட்டரின் ஆர்ச் குட்டையாகத் தெரியுமல்லவா? அவ்வளவு உயரம் போவதற்குள் முதலாளியின் பேரனுக்கே தலை நரைத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பவர் அவர்.

ஊட்டியில் நர்சரி வைத்திருந்த சாமியப்பன்தான் விதையை முளைக்க வைத்தார். “மேகம் மேயுற மலையில வளர்ற மரமுங்க, இங்கயே இருக்கட்டுமுங்க” என்று கெஞ்சினார். 2008 சித்திரை வெயிலில் அந்தக் கன்று நாலு இலையோடு வேனில் திருப்பூர் வந்து இறங்கியது. சாம்பிள் அறையைக் காலி செய்து அதற்கு ஏசி மாட்டினார்கள். காவலுக்கு ஆள் வேண்டுமே! செக்கிங்கில் நின்ற ரோஸ்மேரியை முதலாளி கூப்பிட்டார்.

“நீ தூத்துக்குடிப் பக்கந்தானம்மா? பனை வளர்க்கத் தெரியுமல்ல?”

“எங்க ஊர்ல பனைக்கு யாரும் தண்ணியே ஊத்த மாட்டாவ சார்.”

“அப்ப உனக்குத் தெரியும். பாத்துக்கோ.”

தகர ஷெட்டின் சூட்டிலிருந்து தப்பித்ததில் ரோஸ்மேரி கர்த்தருக்கு நன்றி சொன்னாள். மண்ணை ஈரமாக வைத்தாள், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டாள், இலைக்குத் தண்ணீர் தெளித்தாள். இருந்தும் இலை நுனி கருகியது. கன்று செத்தால் அவளும் ஷெட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டர் கரண்ட் முதலில் மெஷினுக்கு, அடுத்து பனைக்கு. மனிதர்களின் ஃபேனுக்கு மிச்சமில்லை.

“ஏண்டி, அதுக்கு மட்டும் எங்கிட்டிருந்துடி கரண்டு வருது?” என்று டெய்லர் ராமுத்தாய் கதவருகே வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. ரோஸ்மேரிக்கு மனசு கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டாள். ராமுத்தாய் பின்னாலேயே ஒவ்வொருவராகத் தூக்குவாளியோடு வந்தார்கள். கொஞ்ச நாளில் பாதி ஷெட் அங்கேதான் மதியச் சோறு தின்றது.

ஒருநாள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். “இதென்ன சத்திரமா?” என்று கத்தியவர் கன்றைப் பார்த்துக் கிட்டே போய்க் குனிந்தார். நடுவில் பச்சையாகப் புதுக் குருத்து! உடனே சாமியப்பனுக்கு போன் போட்டார்.

“ஏசி காத்து காய வெச்சிருமுங்க. அத்தன பேர் மூச்சுல ஈரம் இருக்குதல்லங்க, அதான் தளுக்குது.”

மறுநாளே உத்தரவு வந்தது. எல்லோரும் இங்கேதான் சாப்பிட வேண்டும். “நல்லா மூச்சு உட்டுச் சாப்பிடோணும், தெரியுதா?” என்றார் முதலாளி. ராமுத்தாய் அவர் எதிரிலேயே ஒரு பெருமூச்சு விட்டுக் காட்டினாள்.

புரட்டாசியில், தொழிலாளிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டரம்மா வந்தார். தொழிலாளிகள் ஏசியில், செடி நடுவே உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டு கண் கலங்கினார். ஆர்டர் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டு முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தொழிலாளிகள் தன் பிள்ளைகள் என்று மைக்கில் சொன்னார் அவர். பனையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பங்குனியில், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று தொட்டியைக் கேட்டுக்கு மாற்றினார். ரோஸ்மேரி தடுத்தும் கேட்கவில்லை. வாரம் முடிவதற்குள் கன்று துடைப்பமாகிவிட்டது.

“அந்த ரூமு சார்?”

“செடியே இல்லியேம்மா, இனி எதுக்கு?” என்று அறையைப் பூட்டினார்.

ஷெட்டில் இரண்டு நாள் வெந்தாள் ரோஸ்மேரி. மூன்றாம் நாள் ரோட்டோரக் காயின் பூத்திலிருந்து ஊட்டிக்குப் பேசினாள். சாமியப்பனிடம் இன்னொரு கன்று இருந்தது. நேரே முதலாளியிடம் போனாள்.

“ஆடிட்டரம்மா திரும்ப வருவாவல்லா சார்? செடி எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?”

முதலாளி வேன் டிரைவரைக் கூப்பிட்டார். அன்று மத்தியானமே வேன் ஊட்டிக்குக் கிளம்பியது. ரோஸ்மேரி சாவியை வாங்கி அறையைத் திறந்து கூட்ட ஆரம்பித்தாள்.