தொடக்க கிலோமீட்டர்

வண்டியை எடுத்தால்தான் அப்பாவை எடுக்க முடியும்.

சவ ஊர்தி தெருவில் நின்று ஹாரன் அடித்தது. நேற்று மாலை ஷோரூம் டிரைவர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்ட வெள்ளை டெமோ கார், கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

"சாவி உங்கிட்டதானே இருக்கு? தள்ளி விடும்மா," என்றார் மாமா. "உங்கப்பன் இருந்தப்பவும் இதுதான் குறுக்க நிக்கும். இப்பவும் நிக்குது பாரு."

மகள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்கும் காரை விற்பனைத் தலைவரான அப்பா வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கம்பெனிச் சலுகை. ஆறு மாதத்துக்கு ஒரு புது மாடல். தெருவே வயிறெரிந்தது. உறையை மட்டும் கிழிக்கக் கூடாது. பிறகு விற்க வேண்டிய வண்டி. இருபத்துநான்கு வருஷம் கார் விற்ற அப்பா, தனக்கென்று ஒரு சைக்கிள்கூட வாங்கவில்லை.

அவளுக்கு அங்கே விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்ததும் சலுகையில்தான். ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை.

காரைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டினாள். ஊர்தி உள்ளே நுழைந்தது. அவள் இறங்குவதற்குள் கண்ணாடியில் விரல் தட்டியது. ஷோரூம் மேலாளர். மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. டெமோ நோட்டு உள்ள இருக்கா? திங்கக்கிழமை ஆடிட். கடைசி வரி பாதியில நிக்கும்."

முன்னாலிருந்த பெட்டியைத் திறந்தாள். நோட்டு இருந்தது. அதற்கடியில் ஒரு கவர். மேலே அவளுடைய கையெழுத்து.

அவளுடைய ராஜினாமா. வேறு ஊரில் வேறு வேலை, ஒன்றாம் தேதி சேர வேண்டும். விதிப்படி அப்பா வழியாகத்தான் மேலே போக வேண்டும். பத்து நாள் முன்பு கேட்டதற்கு, சோற்றைப் பிசைந்தபடியே, "அனுப்பிட்டேன்" என்றாரே!

"அது என்ன கவர்?"

"பழைய பில்லு சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நோட்டைப் புரட்டினாள். ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் யார், என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். செவ்வாய்: இல்லத்தரசி, இருபத்திரண்டு கிலோமீட்டர், பின் இருக்கை வசதி என்கிறார். வியாழன்: ஆசிரியை, இருபத்திரண்டு, ஏசி பிடித்திருக்கிறது. சனி: தையற்கடைக்காரர், இருபத்திரண்டு, கணவரைக் கேட்டுச் சொல்வார்.

வாரத்தில் மூன்று நாள், ஆஸ்பத்திரிக்குப் போக வர இருபத்திரண்டு. அம்மாவின் டயாலிசிஸ்.

"எல்லாம் தெரியும்மா. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்." மேலாளர் தொண்டையைச் செருமினார். "அப்பா சீட் உனக்குத்தான். வண்டியும் இங்கயே நிக்கட்டும். அம்மாவோட இன்ஷூரன்ஸை உன் பேருக்கு மாத்திடலாம். நீ நம்மகிட்ட இருக்கற வரைக்கும் கவலையே இல்ல."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

கடைசி வரி நேற்றைய தேதியில். வாடிக்கையாளர்: ஆண், 57. ஷோரூமிலிருந்து ஆஸ்பத்திரி. தொடக்க கிலோமீட்டர் 8412. கடைசி எண் கோட்டை விட்டுக் கீழே சறுக்கியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்த அப்பா, மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் சாவியைத் திருப்பியிருக்கிறார். முடிவு, காலி. கருத்து, காலி.

"முடிச்சு, கீழ உன் கையெழுத்தப் போட்டுடு."

மீட்டரைப் பார்த்து 8431 என்று எழுதினாள். கருத்து என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஒரு கோடு இழுத்தாள். கையெழுத்திட்டாள். மேலாளர் பக்கத்தை போனில் படமெடுத்துக்கொண்டு, அவள் தலையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்குள் அழுகை ஓங்கி எழுந்தது. ஓடினாள். நாலு பேர் அப்பாவைத் தூக்கி வந்து ஊர்தியில் ஏற்றினார்கள். மாமா முன்னால் ஏறிக்கொண்டார்.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காரின் பின்னால் உட்கார வைத்தாள். அந்த அழுகையிலும் அம்மா உறை மடங்காமல் பார்த்துத்தான் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு சனிக்கிழமைடி," என்றாள். "வண்டி இருக்குமா?"

"இருக்கும்மா."

ஊர்தி நகர்ந்தது. மகள் சாவியைத் தொட்டாள்.

"இரு. எழுதிட்டு எடு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எழுதாம அவரு எடுக்க மாட்டாரு."

கவரின் மேலிருந்த நோட்டை எடுத்து மடியில் விரித்தாள். 8431. வாடிக்கையாளர் என்ற கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

இல்லத்தரசி என்று எழுதினாள்.