சதுரப் பிரேமுக்கு நான்கு பேர்

தையல்காரரின் மாமியார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மாவு சலித்துக்கொண்டிருக்கும்போது, நாலு விரற்கடை அகலமானார். உயரத்தில் மாற்றம் இல்லை. அதே நிமிடம் இரண்டு தெரு தள்ளி போட்டோக் கடைக்காரர் அவருடைய படத்தை, மருமகன் வாங்கிவந்த பிரேமுக்குப் பொருந்தட்டும் என்று பக்கவாட்டில் இழுத்துவிட்டிருந்தார். மூலையைப் பிடித்து இழுக்கும்போது ஷிப்ட் கீயையும் சேர்த்து அழுத்தினால் நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் வளரும். அன்றைக்குக் கடைக்காரருடைய இடதுகையில் டீ டம்ளர் இருந்தது. மறுநாள் மாமியார் கடைக்கு வந்தார். உடம்பைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை, துணிமணிதான் பிரச்சினை. "மாப்பிள்ளை தையல்காரருன்னுதான் பேரு. பிரிச்சுத் தைக்க ஒரு வாரம் ஆகும்கிறாரு. நீங்களே பழையபடி பண்ணிவிட்டுருங்க," என்றார். கடைக்காரர் விகிதத்தைப் பூட்டி வேறு பிரிண்ட் போட்டார். மை காய்வதற்குள் மாமியார் பழைய அளவுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடைக்காரருக்கு நிம்மதி போயிற்று. குட்டையானவர்கள் எல்லாம் உயரவாக்கில் இழுக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். "கால் மட்டும் வளராதுங்க, மூக்கும் சேர்ந்து வளரும்" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியது. ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், பத்துப் பேர் போன் மாறி வந்த நகம் அளவுப் படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னார். புள்ளிகள் போதாது என்றார் கடைக்காரர். "கம்ப்யூட்டர்தானே, நீங்க மனசு வச்சா முடியாதா?" என்றார் அவர். மனசு வைத்ததில் கண்டக்டரின் முகம் நாற்பது நாள் கட்டம் கட்டமாக இருந்தது. மூலைகளில் சவரம் செய்ய வரவில்லை என்று முடிதிருத்துபவர் சண்டைக்கு வந்தார். 'படங்கள் இழுத்துத் தரப்படமாட்டா' என்று கடையில் போர்டு மாட்டப்பட்டது. எல்லோரும் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "இது மத்தவங்களுக்குத்தானே?" என்று கேட்டார்கள். சுவரில் காலியிடத்தை அளந்து முதலில் பிரேமை வாங்குவது, பிறகு அதற்குள் படத்தைத் திணிக்கச் சொல்வது என்பது அங்கே வழக்கம். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற ஜனங்களோடு இருபது வருடம் மாரடித்தவருக்கு ஒரே ஆறுதல், தன் வீட்டில் அப்படி நடக்காது என்பதுதான்.

நடந்தது. சுவிட்ச் போர்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த இடம் சதுரமாக இருந்ததால், அவருடைய மனைவி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் சதுரப் பிரேம் ஒன்றை வாங்கிவந்துவிட்டார். மாட்டவேண்டிய படமோ அகலவாக்கில் எடுத்தது. கடைக்காரர், மனைவி, மகள், வலது ஓரத்தில் மச்சினன். இந்த மச்சினன் ஒரு நேர்முகத் தேர்வுக்காக நாலு நாள் தங்க வந்தவர். அது ஆறாவது வருடம். ஈரத் துண்டைக் கம்ப்யூட்டர் நாற்காலியில் போடுவார், இருமுவார், தோளுக்குப் பின்னால் நின்று, "மாமா, கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே," என்பார். மனைவியின் நிபந்தனைகள் தெளிவாக இருந்தன: யாரும் ஒல்லியாகக் கூடாது, தம்பியை வெட்டக் கூடாது, மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விடக் கூடாது.

"அப்ப பிரேமைத்தான் வெட்டணும்."

"ஊருக்கெல்லாம் செய்யத் தெரியுது. நம்ம வீட்டுக்குன்னா மட்டும் உங்களுக்கு முடியாது."

பதினோரு நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின. பன்னிரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைக்காரர் வீட்டின் முன்னறையில் இருந்த கடையில் உட்கார்ந்து, படத்தின் மேல் ஒரு சதுரக் கட்டம் வரைந்தார். மூன்று பேர் அதற்குள் கச்சிதமாக அடங்கினார்கள். கோடு மச்சினனின் தோளைத் தொட்டபோது பின்னறையில் இருமல் பாதியில் நின்றது. கோடு அவரைத் தாண்டியதும் பேப்பர் புரட்டும் சத்தமும் நின்றது. ஆறு வருடத்தில் முதல்முறையாகக் கடைக்காரருக்குத் தன் வீட்டு பிரிட்ஜ் ஓடுவது கேட்டது. சுகமாக இருந்தது. எண்டர் கீயை ஒரு தட்டுத் தட்டினால் போதும், வெட்டு நிலைத்துவிடும். அப்போது மனைவி நாலு டம்ளர் டீயுடன் வந்து நின்று, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, இந்த நாலாவது டீ நான் யாருக்குப் போட்டேன்?" என்றார். கேட்டவருடைய முகம், வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் யோசிக்கிற முகமாக இருந்தது.

கடைக்காரரால் அந்த முகத்தை முழுதாகப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அவருடைய மூக்குக்கண்ணாடியும் காணாமல் போயிருந்தது. படம் எடுத்த அன்று வெளிச்சம் தெறிக்கிறது என்று கழற்றி அவர் மச்சினனிடம்தான் கொடுத்திருந்தார். அதைப் பத்திரமாகப் பிடித்திருந்த கையும் கோட்டுக்கு வெளியே கிடந்தது. அவர் கீபோர்டைத் தடவி, எஸ்கேப்பை அழுத்திக் கட்டத்தை ரத்து செய்தார். உள்ளே இருமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இதைப் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம், எஸ்கேப் மூலையில் இருப்பதால் கைக்குச் சுலபமாக அகப்பட்டது, அவ்வளவுதான் என்று பிற்பாடு சொன்னார். எண்டர் அதைவிடப் பெரிய கீ என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

படத்தை விகிதம் மாறாமல், ஒருவரையும் வெட்டாமல், மேலே ஒன்றரை அங்குலமும் கீழே ஒன்றரை அங்குலமும் வெள்ளை விட்டுப் பிரிண்ட் போட்டார். ஆணியில் மாட்டிய நிமிடம் வீட்டிலும் அந்த வெள்ளை இறங்கியது. பத்தடி உயர அறையில் மேலே ஒண்ணேகால் அடி, கீழே ஒண்ணேகால் அடி, கணக்கில் பிசகில்லை. மின்விசிறி கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும் வரும். நான்கு பேரும் முழங்கால் அருகே வரைக்கும் வெள்ளைக்குள் நடந்தார்கள். தரையில் விழுந்ததைக் கையை விட்டுத் துழாவி எடுத்தார்கள். "நான் சொன்னேன்ல, பட்டை வேணாம்னு," என்று மனைவி ஒரு மாதம் சொன்னார். "மாமா, வெள்ளை லேசா மஞ்சளடிக்குதே," என்றார் மச்சினன்.

நாலு வருடம் கழித்துச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், மேலும் கீழும் ஒண்ணேகால் அடி கழித்து நடுவை மட்டும் அளந்துகொண்டார். வேலை குறைவுதான் என்றார். ஏணியை மச்சினன் பிடித்துக்கொண்டார்.